இவ்வளவு அடி வாங்கியும் ஐஸ் ஹாக்கி வீரர்கள் எப்படி மறுபடி களமிறங்குகிறார்கள்?

கேள்வி இதுதான்: பல் உடைந்தவரும் முகத்தில் தையல் போட்டவரும் அதே ஆட்டத்திலேயே திரும்ப வந்து ஆடுகிறார்களே, தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர்களுக்கு வலியே தெரியாதா? அவர்கள் மனசு எப்படிப்பட்டது, அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது?

வலி தெரியும். நமக்குத் தெரிகிற அதே வலிதான். பல வருடமாக இந்த ஆட்டத்தை விடாமல் பார்த்து, வீரர்கள் ஓய்வுக்குப் பிறகு மனம் திறந்து பேசியதையெல்லாம் தேடித்தேடிப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதை வீரம் என்ற ஒரே சொல்லில் அடக்கினால் பாதிதான் புரியும். முக்கால் நிமிஷத்துக்கு மேல் எதையும் மனசில் வைத்துக்கொள்ளாத பழக்கம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. நாளைக்குத் தன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பானோ என்ற பயமும் இருக்கிறது. பழக்கத்தை ஆட்டம் கற்றுக்கொடுக்கிறது, பயத்தைத் தொழில் கற்றுக்கொடுக்கிறது.

முதலில் அந்த முக்கால் நிமிஷக் கணக்கு. வட அமெரிக்காவின் முதல்தரத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.-இல் ரிங்க், அதாவது ஆடும் பனித்தளம், 200 அடி நீளம், 85 அடி அகலம். கோல்கீப்பரை விட்டுவிட்டால் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். 20 நிமிஷம் வீதம் மூன்று பகுதி. ஆனால் எந்த வீரரும் தொடர்ந்து ஆடுவதில்லை. சுமார் 45 வினாடி, உடம்பில் இருப்பதையெல்லாம் கொட்டி ஆடிவிட்டுப் பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும். இதற்கு ஷிஃப்ட் என்று பெயர். ஆள் மாறுவதற்காக ஆட்டம் நிற்காது. பக், அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உள்ளே குதிப்பார், ஒருவர் வெளியே வருவார்.

ஒரு ஷிஃப்ட்டைக் கிட்டத்தில் பாருங்கள். பின்னால் நிற்கும் பயிற்சியாளர் பெயரைச் சொல்கிறார். வீரர் எழுந்து தடுப்புச் சுவர் மேல் ஒரு காலைப் போட்டுக் காத்திருக்கிறார். வெளியே வர வேண்டியவர் ஐந்தடி தூரத்துக்குள் வந்ததும் குதிக்கிறார். பத்துப் பதினைந்து அடிகளில் முழு வேகம். பக் மூலைக்குப் போகிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் முதுகைக் காட்டித்தான் எடுக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் நூறு கிலோ ஆள் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். சறுக்குச் சத்தம் நெருங்குவது காதில் விழுகிறது. தோளைத் தளர்த்தி, உடம்பைச் சுவரோடு ஒட்டி, அடியை வாங்கிக்கொண்டே காலால் பக்கை நகர்த்திக் கூட்டாளிக்குத் தள்ளுகிறார். உடனே கோல் முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கே கெண்டைக்காலில் ஸ்டிக் அடி, இடுப்பில் தள்ளு. அதற்குள் பக் கைமாறி எதிர்ப்பக்கம் ஓட, திரும்பி 150 அடி துரத்தல். தொடை எரிகிறது, மூச்சு வாங்குகிறது, கண் பெஞ்சைத் தேடுகிறது. வந்து உட்கார்ந்ததும் தண்ணீர், துண்டு, முன்னால் டேப்லெட்டில் இப்போது நடந்ததன் வீடியோ. ஓரிரு நிமிஷத்தில் மறுபடி அவர் பெயர் கேட்கும். ஒரு ராத்திரியில் இருபது, இருபத்தைந்து தடவை இப்படி.

இப்போது அவர் ஒரு தப்பு செய்துவிட்டார், அதனால் கோல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். வருத்தப்பட அவருக்குக் கிடைப்பது அந்த ஓரிரு நிமிஷம்தான். அந்தத் தப்பைச் சுமந்துகொண்டு உள்ளே இறங்கினால் அடுத்த முடிவு அரை வினாடி தள்ளிப்போகும். அரை வினாடியில் பக் ஏழெட்டு மீட்டர் போய்விடும். அதனால் மறப்பது இங்கே குணமில்லை, பயிற்சி. சின்ன வயசிலிருந்து ஸ்கேட் ஓட்டக் கற்பதுபோல இதையும் கற்கிறார்கள். நல்ல கோல் போட்டாலும் இதே கதைதான்: ஒரு கட்டிப்பிடிப்பு, பெஞ்சு நெடுக ஒரு கைத்தட்டு, அடுத்த ஷிஃப்ட்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு தனி ஒழுக்கமே பிறந்திருக்கிறது. இந்த ஆட்டத்தில் சுயநலத்தை வினாடியில் அளப்பார்கள். கோல் போடும் ஆசையில் ஒருவர் உள்ளேயே ஒன்றரை நிமிஷம் நின்றால் அவர் களைத்துப்போவதால் ஆபத்து மற்ற நான்கு பேருக்கு. அப்படிப்பட்டவரை டிரெஸ்ஸிங் ரூம் மன்னிக்காது. ஹாக்கி வீரர்களின் பேட்டியைக் கேட்டிருக்கிறீர்களா? மூன்று கோல் போட்டவர்கூட ‘நான்’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘நாங்கள் நன்றாக ஆடினோம்’ என்றுதான் சொல்வார். சொல்லிக்கொடுத்த பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முக்கால் நிமிஷத்துக்கு ஒருமுறை தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துப் பழகியவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

கோல்கீப்பரின் கதை முற்றிலும் வேறு. அவருக்கு ஷிஃப்ட் கிடையாது, அறுபது நிமிஷமும் அவரேதான். ஆறடி அகலம் நாலடி உயரத்தில் வலை. எதிரே வருவது மூன்று அங்குலக் குறுக்களவும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு. எடை 170 கிராம் வரை. துள்ளக் கூடாது என்று உறைய வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். வேகமான அடி மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொடும். பத்தில் ஒன்பதைத் தடுத்தால் அது சாதாரண வேலை. ஒரு ராத்திரி பத்தில் எட்டைத்தான் தடுத்தார் என்றால் தோல்விக்கு அவர்தான் காரணம் என்பார்கள்.

இந்தச் சுமையை மனசு எப்படித் தாங்குகிறது என்பதற்குச் சிகாகோவுக்கு ஆடிய கிளென் ஹாலைப் பாருங்கள். 1955 முதல் 1962 வரை ஒரு ஆட்டம் விடாமல் தொடர்ந்து 502 ஆட்டம் ஆடினார், அதுவும் முகமூடி இல்லாமல். அந்தச் சாதனையை இனி யாரும் தொட முடியும் என்று நான் நம்பவில்லை. அதே மனிதர் ஆட்டத்துக்கு முன்னால் தவறாமல் வாந்தி எடுப்பார். பதற்றம் அவரை விட்டுப் போகவே இல்லை. பதற்றத்தோடேயே இறங்கினார், 502 தடவை. பயமில்லாதவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இவருடையது.

வாஷிங்டன் அணியின் பிரேடன் ஹோல்ட்பி வேறொரு வழி வைத்திருந்தார். ஆட்டம் நிற்கும்போது தண்ணீர் பாட்டிலை எடுத்து மேல்நோக்கிப் பீய்ச்சுவார். சிதறும் துளிகளில் ஒன்றை மட்டும் கண்ணால் பிடித்து அது விழும்வரை பின்தொடர்வார். சகுனம் பார்க்கிறார் என்று தோன்றும். உண்மையில் அது மனநலப் பயிற்சியாளரோடு சேர்ந்து அவர் உருவாக்கிக்கொண்ட முறை. விழுந்த கோலையும் கூட்டத்தின் சத்தத்தையும் விட்டுவிட்டு ஒரே ஒரு சின்னப் பொருள் மேல் கண்ணை நிறுத்துவது. மற்றவர்களுக்குப் பெஞ்சு செய்கிற வேலையை அவருக்கு ஒரு தண்ணீர்த் துளி செய்தது. இன்னொரு கோல்கீப்பர் பாட்ரிக் ருவா கோல் கம்பங்களோடு பேசுவார். அதையும் இந்த வரிசையில்தான் வைப்பேன்.

முகமூடி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கால மனப்போக்கு முழுக்க அதில் இருக்கிறது. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில், மாண்ட்ரியல் கனேடியன்ஸ் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட்டின் முகத்தில் ஆன்டி பாத்கேட் அடித்த பக் பட்டுக் கிழித்தது. உள்ளே போய்த் தையல் போட்டார்கள். பயிற்சியில் மட்டும் போட்டுக்கொள்ளும் முகமூடியோடுதான் திரும்ப இறங்குவேன் என்று பிளான்ட் சொல்லிவிட்டார். பயிற்சியாளருக்குப் பிடிக்கவில்லை, முகமூடி போடுவது கோழைத்தனம் என்று பலரும் நினைத்த காலம். ஆனால் அந்நாளில் மாற்று கோல்கீப்பர் உட்கார்ந்திருக்க மாட்டார், வேறு வழியில்லாமல் சம்மதித்தார்கள். 3-1 என்று ஜெயித்தார்கள். கிழிந்த முகத்தோடு ஆடத் தயங்காத மனிதர்களுக்குக் கோழை என்ற பட்டத்தைத் தாங்கும் தைரியம் வர அத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இனி அந்தப் பயம். தன் இடம் போய்விடும் என்கிற பயம்.

கனடாவில் திறமையுள்ள பையன் பதினாறு வயசில் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறான். ஜூனியர் லீக் அணி இருக்கும் ஊரில், முன்பின் தெரியாத குடும்பம் ஒன்று அவனைத் தங்கவைத்துச் சோறு போடுகிறது. பள்ளிக்கூடம், பஸ்ஸில் மணிக்கணக்கான பயணம், ஆட்டம். பதினெட்டில் டிராஃப்ட், அதாவது என்.எச்.எல். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது: ஏழு சுற்று, மொத்தம் 224 பெயர். அதில் பெயர் வந்தவர்களிலும் பெரும்பாலோர் என்.எச்.எல். பெஞ்சில் நிலையாக உட்கார்ந்ததில்லை. ஓர் அணியில் ஒரு ராத்திரி உடை மாட்டுவது இருபது பேர்: பன்னிரண்டு முன்கள வீரர், ஆறு தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல்கீப்பர். ஒருபடி கீழான ஏ.எச்.எல். லீக்கில் ஆடும் அணியில் இன்னொரு இருபது பேர், தொலைபேசி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறார்கள். 2025-26 பருவத்தில் மேலே இருப்பவரின் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டாலர். மேலே ஒரு சம்பளம், கீழே ஒரு சம்பளம் என்று இருநிலை ஒப்பந்தம் போட்டவர் கீழே அனுப்பப்பட்டால் அதே மனிதர், அதே வாரம், கைக்கு வருவது அதில் ஒரு சிறு பங்கு.

இந்தக் கணக்கு தெரிந்த ஒருவர் முழங்கால் வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்வாரா? இரண்டு வாரம் ஓய்வு என்பார்கள். அந்த இரண்டு வாரத்தில் கீழேயிருந்து வந்த இருபத்தொரு வயசுப் பையன் நான்கு கோல் போட்டுவிட்டால்? நட்சத்திர வீரருக்கு இடம் காத்திருக்கும். கடைசியான நான்காம் வரிசையில் ஆடுபவருக்குக் காத்திருக்காது. ‘வலி தாங்குகிறார்கள்’ என்று நாம் வியப்பதில் பாதி, சொன்னால் வேலை போகும் என்று சொல்லாமல் இருப்பது.

மறைத்ததில் மிகப் பெரியது வில்லி ஓரீ மறைத்தது. ஜூனியர் ஆட்டத்தில் பக் பட்டு வலது கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. இனி ஆடாதே என்றார் மருத்துவர். அவர் யாரிடமும் சொல்லவில்லை. இடது ஓரத்தில் ஆடுபவர் அவர். பக் பெரும்பாலும் வலது பக்கத்திலிருந்துதான் வரும், அந்தப் பக்கம்தான் அவருக்கு இருட்டு. தலையை முழுக்கத் திருப்பி இடது கண்ணால் பார்த்து ஆடினார். 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக இறங்கி, என்.எச்.எல்.-இல் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். நிறத்துக்காக வசைகளையும் தாங்கிக்கொண்டு, ஒரு கண்ணோடு ஆடுவதையும் மறைத்துக்கொண்டு 45 ஆட்டம். இதை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பருவ முடிவில் கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுகள் வந்துவிட்டால் மறைப்பது தனி மனிதர் விஷயமாக இருக்காது, அணியே சேர்ந்து மறைக்கும். என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பைக்கு நான்கு சுற்று, ஒவ்வொன்றிலும் ஏழில் நான்கு, மொத்தம் பதினாறு வெற்றி வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாளாக இரண்டு மாதம். யாருக்கு என்ன காயம் என்று கேட்டால் ‘மேலுடம்பு’, ‘கீழுடம்பு’ என்ற இரண்டே பதில்தான் வரும். மணிக்கட்டு என்று சொன்னால் எதிரணியின் ஸ்டிக் அந்த மணிக்கட்டைத் தேடி வரும். தொடர் முடிந்த பிறகுதான் உண்மைப் பட்டியல் வெளிவரும். 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தைப் பாஸ்டனின் பாட்ரிஸ் பெர்ஜரான் விலா எலும்பு முறிந்து, குருத்தெலும்பு கிழிந்து, தோள் விலகி, நுரையீரலில் ஓட்டையோடு ஆடினார் என்று பிறகுதான் தெரிந்தது. 1964 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டொராண்டோவின் பாபி பான் ஸ்ட்ரெச்சரில் வெளியே போய், திரும்பி வந்து, கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் அடித்தார். எக்ஸ்ரே எடுக்க அவர் சம்மதித்தது ஏழாவது ஆட்டம் முடிந்த பிறகு. எலும்பு முறிந்திருந்தது.

இவற்றைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே அடுத்த தலைமுறையையும் அப்படி ஆக்குகிறோம் என்ற கவலை எனக்கு உண்டு. 2014 மார்ச் 10 அன்று டல்லஸ் வீரர் ரிச் பெவர்லி பெஞ்சிலேயே இதயம் நின்று சரிந்தார். மருத்துவர்கள் உயிர்ப்பித்தார்கள். நினைவு வந்ததும் அவர் கேட்டது, முதல் பகுதியில் இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று. இதைப் பயிற்சியாளர் பிறகு சொன்னார். முக்கால் நிமிஷத்துக்குள் வாழப் பழகிய மனசு எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பெவர்லி அதன்பிறகு என்.எச்.எல்.-இல் ஆடவில்லை.

தலையில் படும் அடிக்கு இந்த மனப்பழக்கம் கொஞ்சமும் பொருந்தாது. விலா முறிந்தால் மூச்சு விடும்போது வலிக்கும். மூளை குலுங்கினால் ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்வதும் அந்த அடிபட்ட மூளைதான். சிட்னி கிராஸ்பி 2011 ஜனவரி 1 அன்று தலையில் அடிபட்டார், நான்கு நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் மறுபடி. உலகின் முதல்தர வீரர், வயது 23, நவம்பர் 21 வரை ஆட முடியவில்லை. அவ்வளவு பெரிய பெயர் பத்து மாதம் காணாமல் போனது பலரை யோசிக்க வைத்தது. இன்று சந்தேகம் வந்தால் வீரரைக் கேட்காமலேயே உள்ளே அனுப்பிப் பரிசோதிக்கிறார்கள். சரியான வழி அதுதான். இந்த ஒரு விஷயத்தில் முடிவை வீரரிடம் விடக் கூடாது.

சண்டைக்காரர்களை மறந்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் ஒவ்வொரு அணியிலும் எதிரியோடு கைகலக்கவே ஒருவர் இருப்பார். டெரெக் பூகார்ட் 277 என்.எச்.எல். ஆட்டங்களில் போட்ட கோல் 3. அவர் வேலை அதுவல்ல. அப்படிப்பட்டவருக்கு அட்டவணையைப் பார்த்தாலே அடுத்த வாரம் யாரோடு மோத வேண்டும் என்று தெரிந்துவிடும்; முந்தின நாள் தூக்கம் போய்விடும். கைமுட்டி வீக்கம், முதுகுவலி, அதற்கு வலி மாத்திரை. 2011 மே மாதம், 28 வயசில், வலி மாத்திரையும் மதுவும் கலந்து பூகார்ட் இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது, தொடர்ந்து அடிபடுவதால் வரும் சிதைவு நோய் அந்த வயசிலேயே இருந்தது தெரிந்தது. சண்டைகள் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டன, எனக்கு அதில் நிம்மதி.

மற்றபடி அன்றாடம் எப்படி இருக்கும் என்றால், வெளியே நினைப்பதைவிட ஒரே மாதிரி. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை 82 ஆட்டம். ஆட்ட நாளில் காலையில் லேசான சறுக்கல், மதியம் சாப்பாடு, பிறகு தூக்கம். அந்த மதியத் தூக்கத்தை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அரங்கத்துக்கு வந்து கால்பந்தைத் தரையில் விழாமல் உதைத்து விளையாடுவார்கள், ஸ்டிக்குக்குத் தாங்களே டேப் சுற்றுவார்கள், வலது ஸ்கேட் முதலிலா இடது முதலிலா என்பதுகூட மாறாது. ஆட்டம் முடிந்து நேராக விமானம். அடுத்த ஊர் ஹோட்டலுக்குப் போகும்போது விடிகாலை இரண்டு மணி, உடம்பு களைத்திருக்கும், ரத்தம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும், கண் மூடாது. எந்த நேரமும் அணி மாற்றத் தொலைபேசி வரலாம். 1988 ஆகஸ்ட் 9 அன்று இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கியையே எட்மன்டன் அணி விற்றுவிட்டது, அவர் பத்திரிகையாளர் முன்னால் அழுதார். மைக் சிலிஞ்சர் பன்னிரண்டு அணிகளுக்கு ஆடினார். ஒவ்வொரு மாற்றத்திலும் வீரர் மறுநாளே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்; வீட்டைக் காலி செய்வதும் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவதும் மனைவி தலையில். இந்த வாழ்க்கையின் பாதியை ஆடுவது அந்தப் பெண்கள்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஆடுகிற பெண்களுக்கோ நிலையான தொழில்முறை லீக் என்று ஒன்று பி.டபிள்யூ.எச்.எல். வடிவில் கிடைத்ததே 2024 ஜனவரியில்தான். அதுவரை ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடினார்கள்.

மறக்கும் பழக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. மறந்தது எல்லாம் போய்விடுவதில்லை. 1989 மார்ச்சில் பஃபலோ கோல்கீப்பர் கிளின்ட் மாலர்ச்சக்கின் கழுத்தை ஒரு ஸ்கேட் பிளேடு அறுத்தது, பனி முழுக்க ரத்தம். அம்மா டிவியில் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் கண் முன்னால் நான் சாகக் கூடாது, எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் அப்போது மனசில் ஓடியது என்று அவர் பிறகு சொன்னார். இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்து ஆடினார். அன்று எல்லோரும் கொண்டாடினார்கள். யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை. அந்த ராத்திரி அவருக்குள்ளேயே இருந்தது. வருடங்கள் கழித்து 2008-இல் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுபோனது. பிழைத்தார். இன்று அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார். இன்னொரு கோல்கீப்பர் ராபின் லேனர் 2018-இல் தன் குடிப்பழக்கத்தையும் இருமுனை மனநோயையும் பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த வருடம் விருது வாங்கிய மேடையில், மனநோய் இருப்பதைச் சொல்ல வெட்கப்படவில்லை, அதற்காக மனதால் பலவீனமானவன் என்று அர்த்தமில்லை என்றார். அரங்கம் எழுந்து நின்றது. பிளான்ட் முகமூடி போட்ட ராத்திரிக்கு நிகராக நான் அதை எண்ணுகிறேன்.

ஓய்வு பெரும்பாலும் முப்பதுகளின் தொடக்கத்திலேயே வந்துவிடும். எதை இழந்ததாக உணர்கிறீர்கள் என்று கேட்டால் பலர் சொல்வது கோலையோ கைத்தட்டலையோ அல்ல, டிரெஸ்ஸிங் ரூமை. யார் பக்கத்தில் உட்கார்ந்தோம், யார் என்ன கிண்டல் செய்தார்கள், அதை. டெட்ராய்ட் அணியின் நட்சத்திரம் கார்டி ஹோவ் 1971-இல் மணிக்கட்டு வலியோடு ஓய்வு பெற்றார். டெட்ராய்ட் அணி அலுவலகத்தில் ஒரு பதவி கொடுத்தது, நாற்காலியில் அவரால் உட்கார முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து, 45 வயசில், தன் மகன்கள் மார்க், மார்ட்டியோடு ஒரே அணியில் ஆட ஹூஸ்டனுக்குப் போனார். 1979-80 பருவத்தில் ஹார்ட்ஃபோர்ட் அணிக்காக மறுபடி என்.எச்.எல்.-இல் இறங்கி 80 ஆட்டங்களையும் ஆடி 15 கோல் அடித்தார். பருவம் முடியும்போது வயது 52. பெஞ்சில் ஓரிரு இடம் தள்ளி அவர் மகன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.